ஐந்தாம் தூணுக்கும் ஆறாம் தூணுக்கும் நடுவே

பிரசங்கம் பாதியில் இருந்தபோது கோயிலில் ஒரு துண்டு உடைந்து என் செபப் புத்தகத்தின் மேல் விழுந்தது. உள்ளங்கை அளவு காரை. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே வில்லாக வளைந்து போகும் கல் விலா ஒன்றில் புண் மாதிரி ஓர் இடம் திறந்திருந்தது. உள்ளே கல் இல்லை, கறுத்துப்போன பலகை.

இத்தனை வருஷமாக நான் கல் என்று நினைத்து அண்ணாந்து பார்த்ததெல்லாம் மரம். மரத்தில் சுண்ணாம்பு பூசி, அதில் கோடு கிழித்து, கல்லை அடுக்கியது போல் வேஷம் கட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஒரு குளிர். இது வேஷம் என்றால், இந்தக் கோயிலில் வேறு எதெல்லாம் நமக்குத் தெரியாமல் இருக்கிறது? பிரசங்கம் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன். இந்தக் கோயிலை அடி அடியாக அளந்து வரைபடம் போடுவது. யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று விசாரித்துச் சரித்திரம் எழுதுவது. அடுத்த வருஷம் கோயிலுக்கு வெள்ளிவிழா. எனக்கு வயது இருபது. ரயில்வே ஆபீஸில் பாலங்களின் படங்களை மெழுகுத்துணியில் பிரதி எடுக்கும் வேலை. நான் செய்யாமல் வேறு யார் செய்வது?

"என்னடா தம்பி, மோட்டுவளையப் பாத்துக்கிட்டே பூச கேட்ட? சாமி மேல இல்லடா, முன்னால இருக்காரு" என்றார் சின்னம்மா, வெளியே வந்ததும்.

சின்னம்மா என் தாயின் தங்கை. நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பள்ளிக்கூடம் சரியில்லை என்று ஆறு வயதில் என்னை பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சித்தப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில்கள் நிற்கும் பெரிய யார்டு. பகலெல்லாம் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம். ஒவ்வொரு முறையும் முதல் வண்டி முட்டும்போது சின்னம்மாவின் வலது கை தானாக உயர்ந்து நெற்றியில் சிலுவை போடும். மாவு பிசைந்த கையாக இருந்தாலும் சரி, துணி பிழிந்த கையாக இருந்தாலும் சரி. பட்டறையில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஆபத்து வரக்கூடாதென்று செய்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். ஆண் குழந்தை. மூன்று நாள் உயிரோடு இருந்தது. ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர் கேரி தீவிலிருந்து வரவேண்டும். அவர் வந்தபின் ஞானஸ்நானம் கொடுக்கலாமென்று காத்திருந்தார்கள். கடல்நீர் வற்றிப்போய்ப் படகு சேற்றில் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் செபித்து மந்திரித்த மண்ணில் புதைக்க மாட்டார்கள் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். அப்போது கோயில் என்பது ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. அதைச் சுற்றி ஒரு வேலி. வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அதற்குமேல் நான் கேட்டதில்லை. வெளியே என்றால் மூங்கில் புதர்ப் பக்கம் எங்காவது என்று என் மனசில் ஒரு படம்.

சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் பிரெஞ்சுக்காரர், பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர். நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

"நீர் அளக்க விரும்புகிறீரா? மெத்த நல்லது. எனக்கும் ஒரு படம் தேவையாயிருக்கிறது. வெள்ளிவிழாவுக்குக் கல்லாலே புதிய பிரசங்க மேடை செய்விக்கிறோம். மரத்து மேடையைக் கறையான் தின்கிறது. என் பிரசங்கத்தைவிட அதற்கு அது ருசிக்கிறது போலும்."

கிள்ளானிலிருந்து கொத்தனார் வரப்போகிறார், அஸ்திவாரம் எங்கே தோண்டுவது என்று படத்தில் குறித்துத் தாரும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படத்தைப் பார்த்து நிஜமாகவே ஒரு குழி வெட்டப் போகிறார்கள்!

அளவு டேப்புக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். சித்தப்பாவைக் கேட்டேன். "கோயிலுக்குச் சரித்திரம் எழுதப் போறானாம். மொதல்ல ஆபீஸுக்கு நேரத்துக்குப் போற சரித்திரத்த எழுதச் சொல்லு" என்று சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "வா, நான் புடிக்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல். மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. ஆளில்லாத கோயிலுக்குள் அந்த நேரத்தில் நான் போனதே இல்லை. மழைக்குப் பிறகு உள்ளே சாம்பிராணி மணக்கவில்லை. புதிதாக வெட்டிய மண் மணந்தது. மேற்குப் பக்கத்துச் சன்னல்களில் ஒன்றில் மட்டும் பச்சை மாறியிருக்கும். பிரான்ஸிலிருந்து வந்த கண்ணாடி துறைமுகத்தில் இறக்கும்போது உடைந்துபோக, பீர் புட்டியை அறுத்து ஒட்டினார்கள் என்று ஒரு பேச்சு. அந்தப் பச்சை வெளிச்சம் பெண்கள் பக்கத்துத் தரையில் ஓரிடத்தில் தேங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் சிமெண்டு எப்போதும் ஈரமாக இருக்கும். குழந்தைக்காரிகளுக்கு அந்த இடம் பிடிக்கும். பூசை நேரத்தில் எந்தப் பிள்ளையாவது வீறிட்டால், "அங்க கொண்டுபோய் உக்காரு, அடங்கிடும்" என்பார்கள். அடங்கிவிடும். பக்கத்துக் கதவிலிருந்து காற்று வருகிறது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. ஆனால் பசித்து அழும் பிள்ளை காற்றுக்கு அடங்குமா என்று அப்போது யோசிக்கவில்லை.

சின்னம்மா எப்போதும் உட்காருவது அதற்கு அருகில், ஐந்தாவது தூணை ஒட்டி. கூரை ஒழுகினாலும் நகரமாட்டார்.

வாசலிலிருந்து பீடம் வரை ஒரு வரிசைக்கு ஒன்பது தூண்கள், எட்டு இடைவெளிகள். முதலில் ஆண்கள் பக்கம் அளந்தோம். எட்டும் பன்னிரண்டு அடி, நூல் பிடித்தாற்போல். பிறகு பெண்கள் பக்கம். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. நான் ஐந்தாம் தூணில் நின்றேன். சின்னம்மா டேப்பின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஆறாம் தூணுக்கு நடந்தார். நேராக நடக்கவில்லை. நடுவில் ஏதோ படுத்திருப்பது போல் அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"என்ன சின்னம்மா, ஈரமா?"

"நீ அளடா."

பதின்மூன்றரை அடி.

"டேப்ப சரியா புடிச்சியா? தூணோட நடுவுல வைக்கணும்."

"நடுவுலதான் வச்சிருக்கேன்."

அடுத்தது பத்தரை. அதற்கு அடுத்த இரண்டும் பன்னிரண்டு.

எங்கள் ஆபீஸில் ஒரு பாடம் உண்டு. ஓர் இடத்தில் அளவு கூடி, அடுத்த இடத்தில் அதே அளவு குறைந்தால், பாலத்தில் பிழையில்லை. டேப் பிடித்தவன் கையில் பிழை. சந்தேகப்படாதே, திருத்திப் போடு. நானும் திருத்தினேன். பதின்மூன்றரையை அடித்துப் பன்னிரண்டு; பத்தரையை அடித்துப் பன்னிரண்டு. சுற்றிக்கொண்டு போன மனுஷி, நிற்கும் இடத்தைத் தவறவிட்டிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

ஒரு வாரத்தில் படம் தயார். அழகான படம். எட்டு இடைவெளியும் ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகாமல். பிரசங்க மேடைக்கு நானே இடம் பார்த்தேன். குரல் முன்னாலும் பின்னாலும் ஒரேபோல் போய்ச் சேர வேண்டுமென்றால் கோயிலின் நடுப்பகுதிதான் சரி. பெண்கள் பக்கம், ஐந்தாம் தூணுக்கும் ஆறாம் தூணுக்கும் நடுவே. சிவப்பு மசியால் ஒரு சதுரம் போட்டேன். நாலடி அகலம், நாலடி ஆழம்.

சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து வைத்திருந்தேன். சின்னம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தவர் நின்றுவிட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் படத்தைப் புரிந்துகொள்ள எழுத்து வேண்டியதில்லை. விரலால் கதவைத் தொட்டார். தூண்களை எண்ணினார். சிவப்புச் சதுரத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"புது மேடை. கல்லு மேடை, கனமா இருக்கும். அஸ்திவாரம் வெட்டணும்."

"எவ்வளவு ஆழம்?"

"நாலு அடி."

செம்பைக் கீழே வைத்தார். வெளியே யார்டில் வண்டிகள் முட்டின. கை உயர்ந்து நெற்றிக்குப் போயிற்று. பிறகு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கோயில் கெணத்துலேருந்து இருவத்திரண்டு எட்டு நடந்தா வரும். பழைய வேலிக்கு அந்தாண்ட. அவன அங்கதான்டா வச்சோம். அவன் மட்டுமில்ல, அந்த மாதிரிப் புள்ளைங்க வரிசையா அஞ்சாறு இருந்துச்சு. அப்புறம் பெரிய கோயில் கட்டுனாங்க. வேலி போச்சு. வெளிய இருந்த எடமெல்லாம் உள்ள வந்துருச்சு."

மந்திரித்த மண்ணுக்கு வெளியே வைத்த பிள்ளைகள். கோயில் பெரிதாக வளர்ந்து அவர்கள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அப்ப அவன் அங்கதான் இருக்கானா, சின்னம்மா?"

"அதுதான் தெரியலயே."

பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் வெட்டிய மண்ணை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னம்மா வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு வண்டியின் பின்னால் நடந்தார். அது போய்ச் சேர்ந்த இடம் ரயில்வே யார்டு. சதுப்பைத் தூர்க்க மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனபிறகு அந்த மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தாராம். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள். அதன் மேல்தான் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன.

சிலுவை சித்தப்பாவுக்காக அல்ல. கோயிலில் ஈரத்தரைக்குப் பக்கத்தில் ஒரு செபமாலை. வீட்டில் சரக்கு வண்டிக்கு ஒரு சிலுவை. எங்கே இருக்கிறான் என்று தெரியாத பிள்ளைக்காக இருபத்துநாலு வருஷமாக இரண்டு இடத்திலும் செபம் செய்துகொண்டிருந்திருக்கிறார். இப்போது நான் என் சிவப்பு மசியால், கோயிலில்தான் இருப்பானோ என்ற அந்த ஒரு சந்தேகத்தையும் தோண்டிப் போடப் போகிறேன். கொத்தனார் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வருகிறார்.

முதலில் கோயில் புத்தகங்களைப் பார்த்தேன். சரித்திரத்துக்காக என்று சாமியாரிடம் கேட்டால் தருவார், தந்தார். அடக்கம் செய்தவர்களின் பதிவேட்டில் அந்த வருஷத்தில் காய்ச்சலில் இறந்த கூலிகள் இருக்கிறார்கள். ஆற்றில் விழுந்த ஒரு தண்டவாளக்காரர் இருக்கிறார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. பெயர் வைக்கவில்லை, ஆகவே எழுதவில்லை. பக்கத்துக்குப் பக்கம் புரட்டும்போது எழுதாத அந்த வரிகள்தான் எனக்குத் தெரிந்தன. படிப்பதை நிறுத்திவிட்டு அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

மிச்சம் ஒரே ஆள். கோயிலைக் கட்டிய சீனத் தவுக்கே, காண்டிராக்ட் முதலாளி. சந்தை கூடும் பாசாருக்குப் பின்சந்தில் மகனுடைய கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார் என்று சொன்னார்கள். தமிழ்க் கூலிகளை வைத்து வேலை வாங்கியவர். தமிழ் பேசுவார், தன்னுடைய தினுசில். எதிரே உட்கார்ந்து, கோயில் சரித்திரம் எழுதுகிறேன் என்றேன்.

"நீ எழுதி என்ன? அந்த மேல வளைஞ்ச மரம் பாத்தியா? நான் செஞ்சது. அப்ப இருந்த சாமியார் பென்சில்ல கிறுக்கி கொடுத்தாரு. கல்லுல செய் சொன்னாரு. கல்லு எங்க? மரம் போட்டு கல்லு மாதிரி பூசிட்டேன் லா. இருவது வருஷம் யாருக்கும் தெரியல."

"போன மாசம் கொஞ்சம் உடைஞ்சு விழுந்துச்சு, தவுக்கே."

"ஒன் தலையிலயா?"

"புத்தகத்துல."

"அப்ப சரி." சிரித்துக்கொண்டே கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார்.

படத்தை விரித்தேன். ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

"தப்பு."

பெண்கள் பக்கத்து ஆறாம் தூணில் நகத்தை வைத்தார். "இந்தத் தூணு இங்க இல்ல. ஒன்ற அடி அந்தப் பக்கம். நான்தான் தள்ளி வெச்சேன். எனக்குத் தெரியாதா?"

நான் அடித்துத் திருத்திய அந்தப் பதின்மூன்றரை கண்முன் வந்தது. அந்தப் பத்தரையும். சின்னம்மாவின் கை சரியாகத்தான் பிடித்திருந்தது.

"எதுக்குத் தள்ளுனீங்க?"

தவுக்கே கடைக்குள் திரும்பி மகன் கேட்கிறானா என்று பார்த்தார். குரலை இறக்கினார்.

"குழி வெட்டுறப்ப ஓரத்துல பெட்டி வந்துச்சு. சின்னப் பெட்டி. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆளுங்க மம்பட்டிய போட்டுட்டு ஓடிட்டானுங்க. நம்ம சாமி வேற, ஒங்க சாமி வேற. ஆனா புள்ள மேல வீட்டுத் தூணு வைக்கிறது யாரு சாமியும் ஒத்துக்காது. மூடுன்னு சொன்னேன். தூணத் தள்ளிட்டேன். சாமியார் கேட்டாரு. அங்க மண்ணு இளக்கம் சாமி, தாங்காதுன்னு சொன்னேன்."

"பெட்டி எதையும் எடுக்கலயா? மண்ணோட வண்டியில போகலயா?"

"ஒண்ணும் எடுக்கல. குழிய மூடி, மேல செங்கல் பரப்பிட்டேன். ஒரு பெட்டி நல்லா ஞாபகம் இருக்கு. மத்தது எல்லாம் சவுக்காரப் பெட்டிப் பலகை. அது மட்டும் கனமான மரம், இரும்புப் பட்டை போட்டது. ரயிலு ஆணி வர்ற பெட்டி மாதிரி."

சித்தப்பா ஃபிட்டர். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நேரே கோயிலுக்குப் போனேன். நடுவில் நின்று இரண்டு வரிசைகளையும் பார்த்தேன். ஐந்தாம் தூண் எதிர்த்தூணைப் பார்க்கிறது. ஆறாம் தூண் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவன் மாதிரி பீடத்தை நோக்கி விலகி நிற்கிறது. அகன்ற இடைவெளியின் வளைவு கொஞ்சம் படுத்திருக்கிறது, அடுத்தது ஒடுங்கி நெட்டுக்குத்தாக எழும்புகிறது. ஆறு வயதிலிருந்து இந்தத் தூண்களுக்கு நடுவே மண்டி போட்டிருக்கிறேன். ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. யாரோ தரைக்குள்ளிருந்து ஒரு தோளால் அந்தத் தூணைத் தள்ளி வைத்தது போல் இருந்தது. அந்த இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தபோது நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

வீட்டில் சின்னம்மாவிடம் சொன்னேன். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தவர் அப்படியே இருந்தார். சித்தப்பா நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆணிப் பெட்டின்னானா?"

"இரும்புப் பட்டை போட்டதுன்னாரு, சித்தப்பா."

"நாலு பட்டை" என்றார் சித்தப்பா. "நான்தான் அடிச்சேன். கறையான் தொடக்கூடாதுன்னு உள்ள தார் பூசுனேன்." அவர் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

யார்டில் வண்டிகள் முட்டின. சின்னம்மாவின் கை உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாதவர் போல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

இனிதான் சிக்கல். மேடையை இடம் மாற்றச் சொன்னால் சாமியார் ஏன் என்று கேட்பார். உண்மையைச் சொன்னால்? மந்திரித்த கோயிலுக்குள் ஞானஸ்நானம் இல்லாதவர்கள் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால், திருச்சபைச் சட்டப்படி எடுத்து வெளியே வைக்கச் சொல்லலாம். நல்ல மனுஷர்தான். ஆனால் மேலே ஆயருக்கு எழுதாமல் இருக்கமாட்டார். சொன்னாலும் தோண்டலாம்; சொல்லாவிட்டால் நிச்சயம் தோண்டுவார்கள்.

"தவுக்கே சொன்ன மாதிரியே சொல்லிடுறேன், சின்னம்மா. மண்ணு இளக்கம், கல்லு மேடைய தாங்காதுன்னு. நான் படம் போடுறவன், நம்புவாரு."

"பொய் சொல்லி அவன உள்ள வச்சாச்சு ஒரு தடவ. அது அந்தச் சீனன் செஞ்ச புண்ணியம். நீ பூசையில முட்டிபோடுறவன். நீயும் சொல்லாத." விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, "எத்தன நாளைக்குடா வேலிக்கு வெளிய நின்ன மாதிரியே பேசறது? நான் கேக்கறேன். அவர் வாயால ஆமா, இல்லன்னு சொல்லட்டும்."

"இல்லன்னுட்டா?"

"இல்லன்னா, எங்க வைக்கிறாங்கன்னு இந்தத் தடவ நின்னு பாத்துக்குவேன். வண்டி பின்னால நடக்க மாட்டேன்."

பழைய படத்தைக் கிழித்துவிட்டேன். புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். அதில் பதின்மூன்றரை பதின்மூன்றரையாகவே இருக்கிறது, பத்தரை பத்தரையாகவே. ஆபீஸில் எங்கள் தலைமைப் படக்காரர் பார்த்தால் என் காதைத் திருகுவார். மேடைக்கு மூன்றாம் தூணருகே இடம் குறித்து, சிவப்பு மசி போடாமல் பென்சிலோடு விட்டிருக்கிறேன். சரித்திரம் பத்துப் பக்கம் எழுதியாகிவிட்டது: அத்தாப்புக் கொட்டகை, செங்கல் சூளை, உடைந்த கண்ணாடி, கல்வேஷம் போட்ட மரம். பதினோராம் பக்கம் காலியாக இருக்கிறது. அதில் என்ன எழுதலாம் என்பது என் கையில் இல்லை.

வரும் சனிக்கிழமை பிற்பகல், பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்துச் சாமியார் வெளியே வரும் நேரத்தில் நானும் சின்னம்மாவும் சித்தப்பாவும் கோயிலில் இருப்போம். படத்தில் ஒரு சந்தேகம், மறுபடி அளக்க வேண்டும் என்பேன், அது பொய்யில்லை. டேப்பின் வளையத்தை இந்த முறை சாமியார் கையில் கொடுக்கப் போகிறேன். ஐந்தாம் தூணில் நான் நிற்பேன். அவரே ஆறாம் தூணுக்கு நடந்துபோய், அவரே எண்ணைப் படித்து, அவரே ஏன் என்று கேட்கட்டும். பதில் சொல்லச் சின்னம்மா பக்கத்தில் நிற்பார்.